தூங்கி எழுந்தாலும் தீராத சோர்வு: நைட் டூட்டியும் ஜெர்மன் பரீட்சையும்

தக்கலை_நர்ஸ்
செவ்வாய், காலை 10.20

நைட் டூட்டி முடிந்து வந்து படுத்தேன். தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

வயது 27. நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான்கு வருடமாக ஸ்டாஃப் நர்ஸ். ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போக வேண்டும் என்றால் ஜெர்மன் மொழிப் பரீட்சையில் பி2 நிலை தேற வேண்டும் என்று என்னை அனுப்பும் ஏஜென்சி சொல்கிறது. அதற்கு முந்தைய பி1 நிலையைப் போன வருடம் முடித்துவிட்டேன். இப்போது பி2 ஆன்லைன் வகுப்பு, வாரம் ஐந்து நாள், மாலை 4 முதல் 6 வரை. நைட் டூட்டி உள்ள வாரத்தில் வகுப்பு முடிந்ததும் முகம் கழுவி அப்படியே பஸ் ஏறிவிடுவேன். 8 மணிக்கு வார்டில் இருக்க வேண்டும்.

இரண்டு மாதமாக எதுவும் தலையில் நிற்பதில்லை. ஒரு சொல்லை நாலு நாள் எழுதிப் படித்தால் ஐந்தாம் நாள் அதை முதன்முறை பார்ப்பது போல இருக்கிறது. ஜெர்மனில் ஒரு பொருளின் பெயருக்கு முன்னால் ஆண்பால் டெர் வருமா, பெண்பால் டீ வருமா, இரண்டும் இல்லாத டாஸ் வருமா என்று யோசிக்கும்போதே கண் நிறைந்துவிடுகிறது. அதைவிடப் பெரிய கவலை வார்டில்தான். முன்பெல்லாம் நோயாளிகளிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டே ஊசி போடுவேன். இப்போது அவர்கள் முகத்தையே பார்ப்பதில்லை, கையை மட்டும்தான் பார்க்கிறேன். போன வியாழக்கிழமை 5ஆம் படுக்கைக்கு எடுத்த ஊசியை 6ஆம் படுக்கைக்குக் கொண்டுபோய்விட்டேன். பெயர் கேட்டுவிட்டுப் போடும் பழக்கம் இருந்ததால் கை நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு மருந்தையும் நாலு முறை பார்க்கிறேன், அப்படியும் நம்பிக்கை வரவில்லை.

லீவு கிடைத்த ஞாயிற்றுக்கிழமை 13 மணி நேரம் தூங்கினேன். படுக்கும்போது இருந்த பாரம் எழும்போதும் அப்படியே இருந்தது. அம்மா கண்ணேறு என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். தம்பி பொறியியல் இரண்டாம் வருடம், அவனுக்கு ஃபீஸ் என் சம்பளத்தில்தான். அதனால் வேலையை விடு, படிப்பை விடு என்று மட்டும் சொல்லாதீர்கள். இந்த நிலையில் இருந்து வெளியே வந்தவர்கள் யாராவது இருந்தால் என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.


இரணியல்_பாசஞ்சர்
செவ்வாய், மதியம் 1.05

தங்கச்சி, அந்த ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் எனக்கு நன்றாகத் தெரியும். திருவனந்தபுரம் பக்கம் கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் வேலை. இரணியலில் ரயில் ஏறி இறங்கி, திரும்பி வீட்டுக்கு வருவதற்குள் பயணமே நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். அந்த நேரத்தை வீணாக்கக் கூடாது என்று ரயிலிலேயே எம்.பி.ஏ. தொலைநிலைப் படிப்பைப் படித்தேன். ஒன்றரை வருடம் நன்றாகத்தான் போனது. அப்புறம் ஒரு நாள் லேப்டாப்பைத் திறந்து வைத்துவிட்டு, பாஸ்வேர்டு என்ன என்று தெரியாமல் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். தினமும் அடிக்கும் பாஸ்வேர்டு.

நான் முதலில் செய்ததெல்லாம் வேலைக்கு ஆகவில்லை. யோகா ஆப், காலை நடை, சத்துமாவு எல்லாம் பார்த்தேன். அவை கெட்டவை என்று சொல்லவில்லை. ஏற்கெனவே நிரம்பி வழிந்த நாளில் இன்னும் மூன்று கடமைகளைச் சேர்த்துக்கொண்டேன், அவ்வளவுதான். நடக்கப் போகாத அன்று அதற்கும் ஒரு குற்ற உணர்ச்சி.

மாற்றம் வந்தது இரண்டு விஷயத்தால். ராத்திரி அவசர அழைப்புக்கு நிற்கும் முறை எனக்கு மாதத்தில் இரண்டு வாரம் இருந்தது. மேலாளரிடம் போய் அடுத்த மூன்று மாதம் மட்டும் அதை மாதத்தில் ஒரு வாரமாகக் குறையுங்கள் என்று கேட்டேன். கேட்பதற்கே ஆறு மாதம் பயந்திருந்தேன், அவர் இரண்டு நிமிடத்தில் சரி என்று சொல்லிவிட்டார். எல்லோருக்கும் அப்படிக் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். இரண்டாவது, திரும்பி வரும் ரயிலில் படிப்பதை நிறுத்தினேன். பாறசாலை தாண்டியதும் போனைப் பைக்குள் போட்டுவிடுவேன். குழித்துறைப் பாலத்தில் ஆற்றைப் பார்ப்பேன், மழைக்காலத்தில் செம்மண் கலங்கி ஓடும். அதைப் பார்த்துக்கொண்டு ஒன்றும் செய்யாமல் இருப்பேன். எம்.பி.ஏ. ஒரு வருடம் தாமதமாக முடிந்தது. முடிந்துவிட்டது.


தோவாளை_பூக்கடை
செவ்வாய், மாலை 6.40

மக்களே, வயதானவன் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. நாற்பது வருடமாகப் பூச்சந்தையில் இருக்கிறேன். விடியும் முன்னே சந்தைக்குப் போய்விட வேண்டும். மழை, காய்ச்சல் என்று பூ காத்திருக்காது. அந்தக் காலத்தில் மனச்சோர்வு என்ற பேச்சை நாங்கள் கேட்டதில்லை. வேலை செய்தோம், சம்பா அரிசிக் கஞ்சி குடித்தோம், படுத்தவுடன் தூங்கினோம். இப்போது எல்லோருக்கும் கையில் போன். படுக்கையிலும் போன். அதை எடுத்து வைத்துவிட்டு ராத்திரி ஒன்பது மணிக்குப் படு, நாலு மணிக்கு எழுந்து படி. மனசு தானே தெளியும்.


தக்கலை_நர்ஸ்
செவ்வாய், மாலை 7.10

தாத்தா, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்கு நான் வார்டில் பிரஷர் பார்த்துக்கொண்டிருப்பேன். படுக்க முடிந்தால் படுத்திருப்பேன். இப்போதும் பஸ்ஸில் நின்றுகொண்டுதான் இதை அடிக்கிறேன்.


குலசேகரம்_பால்வெட்டு
புதன், காலை 11.30

நான் அதிகம் படித்தவன் இல்லை. 22 வருடமாக ரப்பர் பால் வெட்டுகிறேன். பிள்ளையின் எழுத்தைப் படித்ததும் ஒரு தோட்டம் ஞாபகம் வந்தது, அதைச் சொல்கிறேன்.

ஒரு ஆள் ஒரு நாளைக்கு முந்நூறு மரத்துக்கு மேல் வெட்டுவோம். விடியும் முன்னே வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் குறையும். ஆனால் ஒரே மரத்தைத் தினமும் வெட்ட மாட்டோம். ஒன்று விட்டு ஒரு நாள், சில தோட்டத்தில் மூன்று நாளைக்கு ஒரு முறை. நான் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் விலை நன்றாக இருந்த வருடம் முதலாளி தினமும் வெட்டச் சொன்னார். முதல் சில மாதம் பால் கூடுதலாகவே வந்தது. சிரட்டை நிரம்பி வழிந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். அப்புறம் பால் தண்ணீர் மாதிரி ஆனது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மரமாகப் பட்டை மரத்துப்போகத் தொடங்கியது. கத்தி போகும், பட்டை தவிட்டு நிறமாக இருக்கும், ஒரு சொட்டு வராது.

அப்போது முதலாளி என்ன சொன்னார் தெரியுமா? இன்னும் கொஞ்சம் ஆழமாக வெட்டு, வரும் என்றார். ஆழமாக வெட்டினால் உள்ளே தடி காயப்படும். பால் வராது. நாங்கள் சொன்னோம், அவர் கேட்கவில்லை. கடைசியில் அந்த மரங்களைக் கத்தி வைக்காமல் ஒரு வருடம் விட்டார். பாதி மரம் திரும்பியது.

மரம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இலை பச்சையாக இருந்தது. ரோட்டில் நின்று பார்க்கிறவனுக்கு ஒரு குறையும் தெரியாது. பிள்ளை, நீ நாலு நாள் எழுதிய சொல்லை ஐந்தாம் நாளும் எழுதுகிறாயே, அது ஆழமாக வெட்டுவதுதான். ஒரு ஞாயிறு தூங்கியதில் சரியாகவில்லை என்றால் தூக்கத்தில் குறை இருக்காது. வாரத்தில் மற்ற நாளில் எத்தனை வெட்டு விழுகிறது என்று எண்ணிப் பார்.


தூத்தூர்_கடலோரம்
புதன், இரவு 9.15

அண்ணன் சொன்ன மரக்கதை நெஞ்சில் நிற்கிறது. ஆனால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். மரத்தை ஒரு வருடம் சும்மா விட்டால் மரத்துக்குப் பசிக்காது.

எங்கள் வீட்டில் அப்பா ஆழ்கடல் விசைப்படகில் போகிறவர், போனால் ஒரு மாதம் கழித்துத்தான் கரை. மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வெளியூர்க்காரர்கள் பார்த்தால் மீனவனுக்கு ஓய்வு என்று நினைப்பார்கள். மீனுக்குத்தான் ஓய்வு. அந்த 61 நாளில்தான் வீட்டில் சண்டை அதிகம், கடன் அதிகம். பள்ளிக்கூடம் திறக்கும் நேரமும் அதுதான். கடலில் இருக்கும்போது நிம்மதியாகத் தூங்கும் அப்பா கரையில் தூங்க மாட்டார். ஓய்வுக்குப் பணம் வேண்டும். அந்த அக்காவுக்கு ஓய்வெடு என்று சொல்வதற்கு முன்னால் தம்பியின் ஃபீஸை யார் கட்டுவது என்றும் யோசிக்க வேண்டும்.

நான் பகலில் ஒரு மொபைல் கடையில் வேலை பார்த்துக்கொண்டு குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறேன். இரண்டு முறை கிடைக்கவில்லை. இரண்டாவது முறைக்குப் பிறகு புத்தகத்தைத் திறந்தால் வயிற்றைப் புரட்டும். பணம் செலவாகாமல் நான் செய்த ஒரே காரியம், நண்பர்கள் வைத்திருந்த படிப்புக் குழுக்களில் இருந்து வெளியே வந்தது. ஐந்து குழு இருந்தது. ஒவ்வொன்றிலும் இன்று 9 மணி நேரம் படித்தேன், 11 மணி நேரம் படித்தேன் என்று போடுவார்கள். அதைப் பார்த்துவிட்டுப் படிக்க உட்கார்ந்தால் மனசு ஏற்கெனவே தோற்றிருக்கும். இப்போது கடை அடைத்த பிறகு ஒன்றரை மணி நேரம், அதற்கு மேல் இல்லை. முடிந்ததும் கடலுக்குள் கல் போட்டுக் கட்டியிருக்கும் தூண்டில் வளைவில் போய் அரை மணி நேரம் உட்காருவேன். அலை கல்லில் அடிக்கும் சத்தம் போதும். இந்த முறை கிடைக்குமா என்று தெரியாது. வயிற்றைப் புரட்டுவது நின்றுவிட்டது.


மனநல_ஊழியர்_குமரி
வியாழன், காலை 8.50

மனநலத் துறையில் வேலை பார்ப்பவள். இந்த இழை முழுவதையும் நேற்று இரவு படித்தேன். தக்கலைத் தங்கைக்குத்தான் எழுதுகிறேன், ஆனால் மற்றவர்களுக்கும் பயன்படும்.

நீ எழுதியதில் மூன்று விஷயம் இருக்கிறது. தூங்கியும் தீராத அசதி. நோயாளியின் முகத்தைப் பார்க்க முடியாத விலகல். எதைச் செய்தாலும் சரியாகச் செய்யவில்லை என்ற எண்ணம். வேலையில் நெடுநாள் தீராத அழுத்தத்தால் வரும் பர்ன்அவுட்டுக்கு உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில் சொல்லியிருக்கும் மூன்று அடையாளங்களும் இவைதான். அந்தப் பதிப்பு 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதிலேயே இன்னொன்றும் தெளிவாக இருக்கிறது: இது நோய் அல்ல, வேலை சார்ந்த நிலை. அதாவது காரணத்தை உன் மனத்திடத்தில் தேடாதே, வேலை நடக்கும் விதத்தில் தேடு. பர்ன்அவுட் என்ற சொல்லை 1974இல் ஒரு கட்டுரையில் எழுதிப் பரவலாக்கிய ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் இலவச மருத்துவ மையத்தில் சேவை செய்தவர். தன்னையும் கூட வேலை செய்தவர்களையும் பார்த்துத்தான் எழுதினார். அக்கறையோடு வேலை செய்கிறவர்கள்தான் இதில் மாட்டிக்கொள்கிறார்கள் என்பது அவர் கருத்து. நோயாளியின் முகம் பார்க்காதது உனக்கு உறுத்துகிறதே, உன் அக்கறை அங்கே இருக்கிறது.

ஆனால் எல்லாவற்றையும் மனசு என்று முடிவு கட்டாதே. முதலில் ரத்தம் பார். ஹீமோகுளோபின், தைராய்டு இரண்டும். நம் ஊர்ப் பெண்களில் ரத்தசோகையோடு ஓடிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். நீ நர்ஸ், மற்றவர்களுக்கு ஆயிரம் முறை ரத்தம் எடுத்திருப்பாய், உனக்குக் கடைசியாக எப்போது பார்த்தாய்?

இரண்டாவது, இது வேலையோடு நிற்கிறதா என்று கவனி. முன்பு பிடித்த எதுவும் இப்போது பிடிக்கவில்லை, அநேகமாகத் தினமும் மனம் இருண்டிருக்கிறது, இப்படி இரண்டு வாரத்துக்கு மேல் போகிறது என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு மருத்துவம் இருக்கிறது, டாக்டரைப் பார்க்க வேண்டும். வாழ வேண்டாம் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும் தள்ளிப்போடாதே. 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம், டெலி மானஸ் என்று பெயர், காசு கிடையாது, தமிழில் பேசுவார்கள். ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயந்து திருவனந்தபுரம் வரை போகிறவர்களை எனக்குத் தெரியும். போகட்டும், அதுவும் சரிதான். போகாமல் இருப்பதுதான் கூடாது.

நைட் டூட்டி பற்றி ஒன்றிரண்டு. காலை வெயிலில் வீடு திரும்பினால் உடம்பு பகல் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளும். பஸ்ஸில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள். வீட்டுக்கு வந்ததும் பாத்திரம், துணி என்று எதையும் தொடாமல் இருட்டு அறையில் படு. ஜன்னலில் ஒரு கனத்த போர்வையைக் கட்டினாலே போதும். ராத்திரி இரண்டு மணிக்குப் பிறகு சாயா வேண்டாம். சாயாவில் இருக்கும் கஃபைன் பாதி குறையவே ஐந்து மணி நேரம் ஆகும். நைட் உள்ள வாரத்தில் புதிய பாடம் படிக்காதே, பழையதைக் கேட்டால் போதும். தூக்கம் கெட்ட மூளையில் புதியது சரியாகப் பதியாது. படித்தது நிலைக்கும் வேலை தூக்கத்தில்தான் அதிகம் நடக்கிறது.


மார்த்தாண்டம்_டு_ஜெர்மனி
வியாழன், மாலை 4.00

தங்கச்சி, நானும் இதே வழியில் வந்தவள்தான். உன்னிடம் யாராவது சொன்னார்களா தெரியவில்லை: ஜெர்மன் பரீட்சை நடத்தும் கோதே இன்ஸ்டிட்யூட்டின் பி2 பரீட்சை நாலு பகுதியாக இருக்கிறது. வாசிப்பு, கேட்பது, எழுதுவது, பேசுவது. நாலையும் ஒரே நாளில் எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தனித்தனியாக எழுதலாம், ஒன்றில் தவறினால் அதை மட்டும் திரும்ப எழுதலாம். செலவு கொஞ்சம் கூடும். ஆனால் ஒரே நேரத்தில் நாலு பாரம் தலையில் இருக்காது. உன் ஏஜென்சியிடம் இதை ஒத்துக்கொள்வார்களா என்று கேட்டுக்கொள்.

இன்னொன்றும் சொல்கிறேன், வலித்தாலும். ஜெர்மனி வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துத்தான் நானும் என்னைக் கசக்கினேன். வந்து இறங்கியபோது என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. இங்கே வந்த பிறகுதான் நர்ஸாக அங்கீகாரம் வாங்குவதற்கான பயிற்சி, வார்டில் வேகமாகப் பேசும் நோயாளிகள், டிசம்பரில் நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும் சாயங்காலம் எல்லாம். முதல் குளிர்காலம் முழுக்க மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் நினைத்து அழுதேன். அதற்கும் கொஞ்சம் பலம் மிச்சம் வை. ஆறு மாதம் தாமதமானால் இங்கே வேலை ஓடிப்போகாது.


தோவாளை_பூக்கடை
வெள்ளி, காலை 11.10

நான் அன்று எழுதியதை வீட்டில் மருமகள் படித்துவிட்டு ஒரு விஷயத்தை ஞாபகப்படுத்தினாள். ஓணத்துக்கு முன்னால் மூன்று ராத்திரி தொடர்ந்து மாலை கட்டுவோம், கேரளாவுக்குப் போக வேண்டிய சரக்கு. ஒரு வருடம் மூன்றாம் ராத்திரி நான் கட்டிய, மடிப்பு மடிப்பாகக் கட்டும் மாணிக்கமாலை முழுக்க மடிப்பு மாறிப்போயிருந்தது. கை பழகிய வேலை, கண்ணை மூடிக்கொண்டு செய்வேன், அதுவே மாறியது. விடிகாலையில் அத்தனையையும் பிரித்துக் கட்டினோம். அதற்குப் பிறகு இரண்டு நாள் நான் பூவைத் தொடவில்லை, தொட முடியவில்லை. அப்போது அதற்கு ஒரு பெயர் எங்களிடம் இல்லை. ஓண வேலை மூன்று ராத்திரியில் முடிந்துவிடும். உனக்கு அது இரண்டு மாதமாக நடக்கிறது. ஊசி மாறியதற்கு உன்னையே திட்டிக்கொள்ளாதே மக்களே. ரத்தம் பார்த்தாயா?


இரணியல்_பாசஞ்சர்
ஒரு வாரம் கழித்து, இரவு 8.20

தங்கச்சி, எப்படி இருக்கிறாய்? பதில் உடனே எழுத வேண்டும் என்று இல்லை. படித்தால் ஒரு புள்ளி மட்டும் வை.


தக்கலை_நர்ஸ்
ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு, காலை 11.45

எல்லோருக்கும் நன்றி. அந்தப் புள்ளியைக்கூட வைக்காததற்கு மன்னித்துவிடுங்கள் அண்ணா, அப்போது அதற்கும் தெம்பு இல்லை.

ரத்தம் பார்த்தேன். ஹீமோகுளோபின் 9.1. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும் என்று தினமும் மற்றவர்களுக்குச் சொல்கிறவள் நான். இரும்புச்சத்து மாத்திரை தொடங்கினேன். ராத்திரி முழுக்க நான் குடித்த பால் விடாத கட்டன் சாயா இரும்பை உடம்பில் சேரவிடாது என்று டாக்டர் சொன்னபோதுதான், அதுவும் படித்ததுதானே என்று உறைத்தது. இப்போது மாத்திரையோடு எலுமிச்சைச் சாறு, சாயா பக்கத்தில் வருவதில்லை. தைராய்டு சரியாக இருக்கிறது. படி ஏறும்போது மூச்சு வாங்குவது குறைந்திருக்கிறது. டாக்டர் நாலைந்து மாதம் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்றார்.

குலசேகரம் அண்ணன் சொன்னபடி வெட்டுகளை எண்ணினேன். ஒரு தாளில் எழுதினேன். டூட்டி, வகுப்பு, வீட்டுப்பாடம், பஸ், வீட்டு வேலை, தம்பியின் ஃபீஸ் கணக்கு, அம்மாவின் சீட்டுப் பணம், சொந்தக்காரர்கள் போன் செய்து ஜெர்மனி எப்போது என்று கேட்பது. எழுதி வைத்துப் பார்த்தபோது எதையெல்லாம் விட முடியாது என்று தெரிந்தது. விடக்கூடியது மூன்று இருந்தது. வகுப்பை வாரம் மூன்று நாள் வரும் பிரிவுக்கு மாற்றிவிட்டேன். பரீட்சையில் முதலில் வாசிப்பும் கேட்பதும் மட்டும் எழுதப்போகிறேன், மற்ற இரண்டும் அப்புறம். ஏஜென்சி முகம் சுளித்தது, பிறகு சரி என்றது. வீட்டுக் கணக்கைத் தம்பியிடம் கொடுத்துவிட்டேன். அவனுக்கே கல்லூரி பக்கத்தில் ஒரு கடையில் மாலை நேர வேலை கிடைத்திருக்கிறது, அதை என்னிடம் சொல்லத் தயங்கிக்கொண்டிருந்திருக்கிறான்.

டூட்டி விஷயம் முழுசாகத் தீரவில்லை. தொடர்ந்து ஆறு நைட் போடுவதை நாலாக்குங்கள் என்று இன்சார்ஜ் சிஸ்டரிடம் கேட்டேன். ஊசி மாறப் பார்த்ததையும் மறைக்காமல் சொன்னேன். அதைச் சொன்னால் மெமோ வரும் என்று பயந்தேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, தனக்கும் ஒரு முறை அப்படி நடந்ததைச் சொன்னார். மறு மாதம் நாலு நைட்தான் போட்டிருக்கிறார். ஆனால் ஆள் குறைவு அப்படியேதான் இருக்கிறது. எனக்குக் குறைந்த இரண்டு நைட் இன்னொரு பிள்ளை தலையில் விழுகிறது, அது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. நாங்கள் ஏழு பேர் சேர்ந்து மேலிடத்துக்கு எழுதிக் கொடுக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். எங்கள் அசல் சான்றிதழ்களை ஆஸ்பத்திரியில் வாங்கி வைத்திருக்கிறார்கள், அந்தப் பயம் எல்லோருக்கும் இருக்கிறது.

14416க்கும் ஒரு நாள் பேசினேன், பகல் தூக்கம் வராத ஒரு நாளில். இருபது நிமிடம் இருக்கும். என்ன சொன்னார்கள் என்பதைவிட, நான் சொன்னதை இடையில் நிறுத்தாமல் கேட்டார்கள். மனநல அக்கா, நீங்கள் சொன்ன இரண்டு வாரக் கணக்கையும் பார்த்தேன். பாட்டு கேட்கப் பிடிக்கிறது, தம்பியோடு சண்டை போடப் பிடிக்கிறது. அதனால் இப்போதைக்கு டாக்டரிடம் போகவில்லை, மாறினால் போவேன்.

நேற்று வார்டில் குளச்சலில் இருந்து வந்த ஒரு பாட்டி என் கையைப் பிடித்து, பிள்ளைக்கு எந்த ஊர் என்று கேட்டார். தக்கலை என்றேன். எங்கே, கோட்டைக்குப் பக்கமா, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கமா என்று அவர் விடவில்லை. பேசிக்கொண்டே ஊசி போட்டு முடித்தேன்.

இன்று ஈவினிங் டூட்டி. ஒரு மணிக்குப் பஸ் பிடிக்க வேண்டும், கிளம்புகிறேன்.